எரிந்ததாக எழுதப்பட்ட விளக்கு

என் அண்ணிக்கு ஒரு வேலையின் முன்னால் சும்மா நிற்கத் தெரியாது. அடுப்பில் பாலை வைத்தால் பொங்கும்வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதற்குள் துணியை மெஷினில் போடுவார், சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவார், என் அண்ணனைத் திட்டி எழுப்புவார். பால் பொங்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து அடுப்பை அணைப்பார். அண்ணன் இதற்கு நேர்மாறு. முட்டையை வேகவைத்தால் முட்டைக்குக் காவல் இருப்பான். அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தாலும் போன் அடித்தாலும் அவனுக்குக் காது கேட்காது.

நான் எழுதுவது அண்ணி மாதிரியான ப்ரோக்ராம்கள். பன்னிரண்டு வருஷமாகப் பிழைப்பே அதுதான். ஒரே ஆள், நூறு வேலை. ஒரு வேலை எதற்காகவாவது காத்திருக்க வேண்டி வந்தால், ‘நான் காத்திருக்கிறேன், நீ அடுத்ததைப் பார்’ என்று தானாகவே முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள். எல்லாம் ஒரு நம்பிக்கையில் ஓடுவது. ஒரே ஒரு வேலை முறையை விடாமல் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் தொண்ணூற்றொன்பதும் அதன் பின்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அந்தக் குற்றத்தை நான் செய்தேன். தண்டனை அண்ணிக்கு வந்தது.

அண்ணி நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் வார்டில் பதினெட்டு வருஷம். அந்த வார்டுக்கு அழைப்பு மணி போட்டுக்கொடுத்தது எங்கள் கம்பெனி. கட்டிலுக்குப் பக்கத்தில் பட்டன் இருக்கும். அழுத்தினால் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது என் ப்ரோக்ராம். பட்டன் செய்தியை வாங்கும், விளக்குக்கும் மணிக்கும் கட்டளை கொடுக்கும், எத்தனை மணிக்கு அழுத்தினார்கள், எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதும். அந்த வரி டிஸ்க்கில் பத்திரமாக இறங்கியதா என்று அப்போதைக்கப்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் நிபந்தனை. நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் காட்ட வேண்டுமாம்.

எழுதி முடித்ததும் ஆபீஸில் நாலு பேர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். அதில் ஒருவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தாடி. அவன் மட்டும் ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

“இந்த ஃபைல் எழுதுற இடத்துல மாட்டிக்காதா?”

“நான்-பிளாக்கிங்னு போட்டிருக்கேன்ல? தாடி கண்ணையும் மறைக்குதா?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான். எனக்கு வாய் நீளம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அது ஓர் உயிரின் நீளத்துக்குப் போனது.

விஷயம் இதுதான். நெட்வொர்க்கில் ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது ‘நான்-பிளாக்கிங்’ என்று போட்டால், அது வரும்வரை நிற்காமல் நாம் வேறு வேலை பார்க்கலாம். ஃபைலுக்கு அந்த வார்த்தை காதிலேயே ஏறாது. ஃபைலிடம் ‘தயாரா’ என்று எப்போது கேட்டாலும் ‘தயார்’ என்றுதான் பதில் வரும். டிஸ்க் திணறிக்கொண்டிருந்தாலும் தயார்தான். நம்பி உள்ளே போனால் அது முடிக்கிறவரை வெளியே விடாது. அதனால் ஃபைல் எழுதுவதற்கென்றே தனியாக இன்னொரு ஆளைப் போட்டு, அவனிடம் வேலையைத் தள்ளிவிட்டு நாம் திரும்பிவிட வேண்டும். எட்டு வரி. தாடி கேட்ட அன்றே உட்கார்ந்திருந்தால் இருபது நிமிஷத்தில் முடிந்திருக்கும். எங்கள் ஆபீஸ் டிஸ்க் வேகமானது. அங்கே சோதித்துப் பார்த்தபோது கண் சிமிட்டுவதற்குள் எழுதி முடித்தது. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

பத்து மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்பதாம் அறையில் ஒரு டீச்சர் இறந்துபோனார். நாற்பத்தோரு வயது. தொண்டையில் ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள். தையல் விட்டு உள்ளே ரத்தம் இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. தொண்டை ஆபரேஷன் என்பதால் அவரால் கத்த முடியாது. பேச்சு, கூச்சல் எல்லாமே அவருக்கு அந்தப் பட்டன்தான். மருந்து வாங்கப் போயிருந்த கணவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு அலறிய பிறகுதான் அண்ணி ஓடினார். எதுவும் பயன்படவில்லை.

மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. மணிப் பதிவை எடுத்துச் சரிபார்த்துத் தர வேண்டும். எங்கள் டீம் லீட் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பார், அதனால் அதுவே அவர் பெயர். ஆகட்டும் என்னைத்தான் அனுப்பினார். டூட்டியில் இருந்தது என் அண்ணி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை அனுப்புவார்கள். முதலில் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பார்த்தேன். ஒன்பதாம் அறை, அழுத்தியது மூன்று பன்னிரண்டு, ஏழு நொடி. விளக்கு எரிந்தது மூன்று பன்னிரண்டு, ஏழு நொடி. கணவர் அலறியது மூன்று பதினெட்டுக்கு. ஆறு நிமிஷம் விளக்கு எரிந்திருக்கிறது, மணி அடித்திருக்கிறது, அண்ணி போகவில்லை. பதிவு அப்படித்தான் சொன்னது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன். அசந்திருப்பார், போனில் இருந்திருப்பார், மனுஷிதானே என்று நினைத்தேன். என் ப்ரோக்ராமைச் சந்தேகப்பட ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. ‘பதிவுகளைச் சரிபார்த்தேன். அனைத்தும் சரியாக உள்ளன’ என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு, தேதியையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். அடுப்பில் எதுவும் இல்லை.

“நான் மேசையிலதான் இருந்தேன்,” என்றார். “மணி அடிக்கல. அவர் கத்துனதும் ஓடுறேன், கதவுக்கு மேல இருட்டு. விளக்கு எரியல. உள்ள போய் அந்த அம்மாவைத் தூக்கி உக்காரவெச்ச பிறகு திரும்பிப் பாக்குறேன், எரியுது.”

“பதட்டத்துல பாத்திருக்க மாட்டீங்க அண்ணி,” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

விசாரணை மூன்று வாரம் இழுத்தது. வாரத்துக்கு இரண்டு முறை அண்ணியைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தை முன்னால் வைத்தார்கள். காகிதத்தில் எரிகிற விளக்கு உங்கள் கண்ணுக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டார்கள். இறந்தவரின் கணவரும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் மனைவியைப் பார்த்திருப்பாரா, விளக்கைப் பார்த்திருப்பாரா? பிறகு திரும்பிப் பார்த்தபோது எரிந்திருக்கும். குற்றம் நிரூபணமானால் அண்ணியின் பெயரை நர்ஸ்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு எந்த ஊரிலும், எந்த ஆஸ்பத்திரியிலும் அவர் ஒருவருக்கும் ஊசி போட முடியாது. நர்ஸ் வேலையைத் தவிர அண்ணிக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை.

மூன்றாவது வாரம் அண்ணன் எனக்குப் போன் செய்தான். “அவ சாப்பிடுறதே இல்ல. உன் பேப்பரை இன்னொரு தடவை பாரேன்,” என்றான். கேட்டுப் பழக்கமில்லாத ஆள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

ஒன்பதாம் அறைக்கு அடுத்து இரண்டு வரிகள். நான்காம் அறை, மூன்று பதினெட்டு, இருபது நொடி. பதினொன்றாம் அறை, மூன்று பதினெட்டு, இருபது நொடி. இரண்டு அறை, இரண்டு நோயாளி, ஒரே நொடி. அதற்கு முன்னால் ஆறு நிமிஷம் ஒரு வரியும் இல்லை. பதினான்கு அறை கொண்ட வார்டு மதிய நேரத்தில் ஆறு நிமிஷம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முந்தின நாள் பதிவைப் பார்த்தேன், அதற்கு முந்தின நாளைப் பார்த்தேன். மதிய நேரத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் எங்கேயும் இடைவெளி இல்லை. அப்போதுதான் தாடியின் விரல் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை எடுத்து, டிஸ்க்கைத் திணறடிக்க இன்னொரு ப்ரோக்ராமை ஓடவிட்டு, பட்டனை அழுத்தினேன். மேசை மேல் வைத்திருந்த விளக்கு எரியவில்லை. தாடி என் பக்கத்தில் நின்று நொடியை எண்ணினான். நாற்பத்து மூன்றாவது நொடியில் விளக்கு எரிந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தால், அழுத்திய அதே நொடியில் எரிந்ததாக எழுதியிருந்தது.

விளக்குக்கான கட்டளையை நான் வரிசையில்தான் வைத்திருந்தேன், அனுப்பவில்லை. வரிசையில் வைத்த நொடியையே ‘எரிந்தது’ என்று குறித்துவிட்டு, அதை ஃபைலில் எழுதப் போனேன். எழுதுகிற இடத்தில் எல்லாம் நின்றுபோனது. விளக்கு, மணி, மற்ற அறைகளின் பட்டன் எல்லாம் அதன் பின்னால் காத்துக்கொண்டு நின்றன, வழி விட்டதும் ஒரே நொடியில் பதிவாயின. விளக்கு எரிந்ததாக எழுதுகிற வேலைதான் விளக்கை எரியவிடாமல் பிடித்து வைத்திருந்தது. டீச்சர் அந்த ஆறு நிமிஷத்தில் எத்தனை முறை அழுத்தினார் என்பதும் தெரியாது. ஒரே அறையிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் எழுத வேண்டாம், ஃபைல் பெருத்துவிடும் என்று அதையும் நான்தான் வெட்டிவிட்டிருந்தேன்.

தாடி ‘அன்னைக்கே கேட்டேனே’ என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “டீ குடிக்கலாமா?” என்று மட்டும் கேட்டான்.

ஆகட்டும் முழுவதையும் கேட்டார். முதல் தடவையாக ‘ஆகட்டும்’ சொல்லவில்லை.

“திருத்தி அனுப்பிடு. வழக்கமான அப்டேட்னு போடு.”

“விசாரணைல சொல்லணும் சார்.”

“நீ சொல்றதா இருந்தா உன் பேர்ல சொல்லு. கம்பெனி கடிதம் தராது.”

அந்த ஃபைல் எழுதப்படும் ஆஸ்பத்திரி சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஓடினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சர்வரில் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். ஒரு டிஸ்க் போய், புதிது மாட்டி, பழையதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருந்ததாக ஞாபகம், ஆனால் செவ்வாயா புதனா என்று தெரியாது என்றார். சர்வரின் பதிவைப் பார்க்கலாமா என்றேன். “அது எங்க இருக்கு? போன வாரம்தான் புது சர்வர் வந்துச்சு. பழசை எடைக்குப் போட்டாச்சு,” என்றார்.

விசாரணையின் கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பெரிய டாக்டர், ஒரு பக்கம் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன், இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்த ஒருவர். அவர் கடைசிவரை பேசவில்லை. அண்ணி ஓரத்தில் ஒரு நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவே இல்லை.

“ப்ரோக்ராம் ஆறு நிமிஷம் நின்னு போச்சுன்னு சொல்றீங்க. நின்னு போச்சுன்னு அது எங்கயாவது எழுதியிருக்கா?”

“எழுதாது டாக்டர். எழுதவேண்டியதும் அதேதான். அதுதான் நின்னு போச்சு.”

“சரி. ஒரே நொடியில ரெண்டு அறை அழுத்தியிருக்காங்கன்னு சொல்றீங்க. அந்த நேரத்துல ஒருத்தர் வாசல்ல நின்னு அலறிட்டிருக்கார். எல்லாரும் ஓடுறாங்க. படுத்திருக்கிறவங்க பயந்து பட்டனை அழுத்த மாட்டாங்களா?”

“அழுத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஆறு நிமிஷம்...”

“யாருக்கும் எதுவும் தேவைப்படலைன்னு வெச்சுக்கலாமே. இப்படி நடக்கலாம்னு காட்டிட்டீங்க. அன்னைக்கு நடந்துச்சுன்னு காட்ட முடியுமா?”

முடியாது. அதையே அவரிடம் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா டாக்டர்.”

“மூணு வாரத்துக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க.”

“அப்போ எனக்குத் தெரியல.”

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“அண்ணி.”

“அன்னைக்கும் அண்ணிதானே? அப்போ ஏன் சொல்லல?”

காகிதத்தைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினேன். மேட்ரன் லேசாகச் சிரித்தார். “அண்ணிக்காக நாத்தனார் பரிஞ்சு பேசுறதை இப்பதான்மா பாக்குறேன்,” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கத்தோடு என் சாட்சி முடிந்தது.

தீர்ப்பு அடுத்த வாரம் தபாலில் வந்தது. கடமையில் கவனக்குறைவு. பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நர்ஸ் தன் கைப்பட, விளக்கு எரியவில்லை என்று உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் வெளி நிபுணர் ஒருவரை வைத்து ப்ரோக்ராமைப் பார்ப்பார்கள். எனக்கு உயிர் வந்தது. வெளியாள் எவனாக இருந்தாலும் அந்த வரியைப் பார்த்தால் போதும், பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். தாடி கூட உட்கார்ந்து எனக்கு மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தான். அண்ணி முதல் முறை என்னிடம் சொன்ன வார்த்தைகளையே போட்டிருந்தேன். நான் மேசையில்தான் இருந்தேன். மணி அடிக்கவில்லை. கதவுக்கு மேல் இருட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மடித்த துணியின் மேல் வைத்தார்.

“இது பொய்யில்ல?” என்றார்.

“என்ன அண்ணி பொய்? நீங்க சொன்னதுதான்.”

“சொன்னேன். அப்போ தெரியாம சொல்லிட்டேன். விளக்கு எரிஞ்சுது.”

“எரியல அண்ணி. அதைத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன்.”

“எரிஞ்சுது. இப்ப கண்ணை மூடினா எனக்கு அப்படியே தெரியுது. நான் மேசையில உக்காந்திருக்கேன், ஒன்பதாம் நம்பர்ல சிவப்பா எரியுது, நான் பாக்காம என்னமோ எழுதிட்டிருக்கேன். மணி கூடக் கேக்குது.”

நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். டிஸ்க், ஃபைல், வரிசை, நாற்பத்து மூன்று நொடி. அழுதேன், திட்டினேன், அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவன் கதவோரம் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“மணி வந்த புதுசுல வார்டுல எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க, இந்த மெஷினை நம்பலாமான்னு. எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது, அது பொய் சொல்லாதுன்னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். இப்ப நான் மாட்டிக்கிட்டேன்னு அதைப் பொய்யாக்க முடியுமா?”

“அண்ணி, அதுல தப்பு இருக்கு. என் தப்பு. நான்தான் அந்த டீச்சரைக் கொன்னேன்.”

“ஏய், அப்படியெல்லாம் சொல்லாத.” அவர் என் முகத்தைத் துடைத்துவிட்டார். “எனக்காக நீ எதுக்கு அந்தப் பாவத்தைத் தூக்கித் தலையில வெச்சுக்கிற? உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

கையெழுத்துப் போடாத காகிதத்தை என் பையில் வைத்துவிட்டு, மிச்சத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரு சட்டையை மடித்து வைப்பார், அதையே பிரித்து மறுபடி மடிப்பார். அந்தப் பத்து நாளில் இன்னும் நான்கு முறை போனேன். நான்கு முறையும் எனக்குத்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.